இருபத்திரண்டு அடிப் பரிசல்

பழங்காநத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு அரசாங்கத்தின் மேல் கோபம் வரக்கூடாது. வந்தால் பிழைப்பு நாறிப்போகும். ஊரில் புதிதாக ஓர் அலுவலகம் திறந்தால் என் கடைக்கு ஒரு புது மெஷின் வரும். ஒரு படிவம் இரண்டு படிவமானால் என் மனைவி கனகலட்சுமிக்குத் தீபாவளிக்கு இரண்டு புடவை. பத்தொன்பது வருடமாக நான் அரசாங்கத்தை ஒரு வார்த்தை திட்டாமல் வாழ்ந்து வந்தேன். போன சித்திரையில் அந்த விரதம் முறிந்தது. முறித்தது ஒரு பரிசல்.

என் பெயர் ராமமூர்த்தி. நாங்கள் சௌராஷ்டிரர்கள். எங்கள் வீட்டில் மீன் படியேறாது. கெண்டை எது கெளுத்தி எது என்று கேட்டால் பேந்தப் பேந்த முழிப்பேன். ஆனால் ‘உள்நாட்டு மீன்பிடிக் கலன்கள் பதிவு, கண்காணிப்பு மற்றும் இணக்க அலுவலகம்’ வெளியிட்ட பதினேழு படிவங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவேன். கற்றுக்கொடுத்தது ஜெயக்கொடி.

ஜெயக்கொடிக்கு ஊர் ஓடைக்கரைப்பட்டி. திருநகர் தாண்டி, திருமங்கலம் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே போகவேண்டும். பதினோரு பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்து, ஊர்க் கண்மாயில் மீன் வளர்க்கும் குத்தகையை எடுத்திருந்தார்கள். ஜெயக்கொடிதான் தலைவி. கண்மாய்க்குள் போய்த் தீவனம் போடவும் வலை விரிக்கவும் ஒரு ஃபைபர் பரிசல். அதைத் துடுப்புப் போட்டுத் தள்ளுவது அவள் புருஷன் சிவபாண்டி.

புரட்டாசியில் அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு ‘கலன் பதிவு முகாம்’ நடந்தது. சாமியானா, மேசை, நாற்காலி, பாதாம் பால். விவரமான ஊர்க்காரர்கள் முந்தின நாளே பரிசலைக் கவிழ்த்து வைக்கோலைப் போட்டு, “மாட்டுத் தொட்டி சார்” என்று சொல்லிவிட்டார்கள். ஜெயக்கொடிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. “நம்ம என்ன திருட்டுப் பரிசலா ஓட்டுறோம்? பதிஞ்சுட்டுப் போவோம்” என்று பரிசலைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, முதல் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

படிவத்தில் முதல் கேள்வி, கலனின் நீளம். பரிசல் வட்டமாக இருக்கும். வட்டத்துக்கு நீளம் எங்கே இருக்கிறது? மேசையில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. சிவபாண்டிதான் வழி சொன்னான். பரிசல் வாங்கும்போது சுத்தளவைத்தான் கேட்பார்கள், எத்தனை ஆள் உட்காரலாம் என்பது அதில் தெரிந்துவிடும். அதனால் ஒரு கயிற்றைப் பரிசலின் விளிம்பைச் சுற்றிக் கட்டி, அவிழ்த்துத் தரையில் நீட்டிப் போட்டு, “இருபத்திரண்டடி” என்றான். எழுதிக்கொண்டார்கள். குறுக்கே அளந்து அகலம் ஏழடி என்றான். அதையும் எழுதிக்கொண்டார்கள். ஏழடி வட்டத்தின் சுற்றளவு இருபத்திரண்டு அடி என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. முகாமில் இருந்தவர்கள் எல்லாரும் முதுகலைப் பட்டதாரிகள்.

விதிப்படி இருபது அடிவரை ‘சிறு கலன்’. வருடத்துக்கு ஒரு கடிதம் போட்டால் போதும். இருபது அடிக்கு மேல் போனால் ‘பெருங்கலன்’. பெருங்கலனுக்கு என்ஜின் விவரம், மாலுமிப் பட்டியல், தினசரி அறிக்கை, இருப்பிடம் காட்டும் கருவி எல்லாம் வேண்டும். ஒரு கயிறு சுற்றிய சுற்றில் ஓடைக்கரைப்பட்டிக் கண்மாயில் பெருங்கலன் ஒன்று மிதக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் அவள் என் கடைக்கு முதலில் வந்தாள். டவுன் பஸ் என் கடை வாசலில் நிற்கும், அது ஒன்றுதான் காரணம்.

“அண்ணே, என்ஜின் நம்பர் கேக்குது.”

“என்ன என்ஜின் போட்டிருக்கீங்க?”

“என்ஜினே இல்லண்ணே. இவருதான் தள்ளுவாரு.”

பின்னால் சிவபாண்டி நின்றான். ‘இல்லை’ என்று போட்டேன். கணினி ஒப்புக்கொள்ளவில்லை. பூஜ்யம் போட்டேன். பூஜ்யம் செல்லாது என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தது ஆன்சி என்ற பெண். ஒப்பந்த வேலை, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த மரியாதையான குரல்.

“என்ஜின் இல்லாம இருபத்திரண்டடிப் படகு எப்படி சார் போகும்?”

“ஒருத்தர் துடுப்புப் போட்டுத் தள்ளுவார்ம்மா.”

யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். “அப்ப அவர்தான் சார் என்ஜின். அவரோட விவரத்தைப் போடச் சொல்றாங்க.”

போட்டோம். பெயர்: சிவபாண்டி. தயாரிப்பு ஆண்டு: 1978. குதிரைத்திறன் என்ற இடத்தில் நான் ஜெயக்கொடியைப் பார்த்தேன். அவள் புருஷனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கால் போடுங்கண்ணே, அதுவே சாஸ்தி” என்றாள். எரிபொருள்: டீசல், பெட்ரோல், இதர. ‘இதர’வைத் தொட்டால் விவரம் கேட்டது. ‘பழைய சோறு’ என்று அடித்தேன். கணினி பச்சை நிறத்தில் நன்றி சொன்னது.

“எம்புட்டு மைலேஜுண்டு கேக்கலையா?” என்றான் சிவபாண்டி.

தை மாதம் நோட்டீஸ் வந்தது. மேற்படி கலனில் பொருத்தப்பட்டுள்ள என்ஜின் நாற்பத்தேழு ஆண்டுகள் பழமையானது என்பதும், பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட என்ஜின்கள் சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைவிப்பவை என்பதும் தெரியவந்துள்ளது. எனவே முப்பது நாட்களுக்குள் அதனைக் கழற்றி, பழைய இரும்பு வியாபாரியிடம் எடைக்குப் போட்டு, ரசீதைச் சமர்ப்பிக்கவும். நான் வாசித்து முடித்ததும் ஜெயக்கொடி கேட்டாள்.

“புது என்ஜின் வாங்க மானியம் தருவாகளாண்ணே?”

சிவபாண்டி அன்றைக்கு முழுவதும் அவளோடு பேசவில்லை. கடைசியில் அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் ‘நல்ல நிலையில் இயங்குகிறது’ என்று எழுதி வாங்கி, நாலு பிரதி எடுத்து அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்று மட்டும் பதில் வந்தது.

தினசரி அறிக்கை இன்னொரு கூத்து. பரிசல் கிளம்புமுன் ‘புறப்பாட்டு அறிக்கை’. கரைக்கு வந்ததும் ‘சேர்க்கை அறிக்கை’. கிளம்பாவிட்டால் காலை ஆறு மணிக்குள் ‘புறப்படா அறிக்கை’, காரணத்தோடு. காரணத்தை நாமாக எழுத முடியாது, பட்டியலிலிருந்து எடுக்கவேண்டும். புயல், கடல் கொந்தளிப்பு, என்ஜின் பழுது, கடற்கொள்ளையர் என்று நாலு காரணம்தான் இருந்தது. கல்யாண வீடு, காதுகுத்து, தலைவலி எதுவும் இல்லை. தை மாதம் முகூர்த்த மாதம். ஊரில் வரிசையாகக் கல்யாணம். என்ஜின் பழுது என்று போட்டால் டாக்டரிடம் போகவேண்டும் என்பதால் ஜெயக்கொடி ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ‘கடல் கொந்தளிப்பு’ என்று போட்டாள். அலுவலகத்தின் காலாண்டு மலர் வந்தபோது அதில் ஒரு கட்டுரை இருந்தது. திருமங்கலம் வட்டாரத்தில் தை மாதத்தில் பதினோரு நாட்கள் கடல் சீற்றத்துடன் காணப்பட்டதாகவும், அலுவலகத்தின் இடைவிடாத எச்சரிக்கையால் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டதாகவும் புள்ளிவிவரப் படத்தோடு போட்டிருந்தார்கள். நானே நூறு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு இருப்பிடம் காட்டும் கருவி வந்தது. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, அதில் ஒரு சிவப்பு விளக்கு. பரிசலில் திருகி வைத்துவிட்டுப் போனார்கள்.

பங்குனியில் ஜெயக்கொடி ஒரு முடிவுக்கு வந்தாள். “எல்லாத்துக்கும் காரணம் அந்த இருபத்திரண்டடிதாண்ணே. பரிசலையே ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டிருவோம். கண்ணால பார்த்தா தெரிஞ்சுட்டுப் போகுது.” ஒரு லோடு ஆட்டோவில் பரிசலைக் கவிழ்த்துக் கட்டினார்கள். பழங்காநத்தத்தில் நானும் கோப்போடு ஏறிக்கொண்டேன். ஏறும்போதே அவள் போனில் செய்திகள் வந்துகொண்டிருந்தன.

திருநகரில்: உங்கள் கலன் அனுமதிக்கப்பட்ட நீர்ப்பரப்பை விட்டு வெளியேறுகிறது. பழங்காநத்தத்தில்: உங்கள் கலன் ஆழமற்ற பகுதியில் செல்கிறது, கவனம். அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்து ஆட்டோ நின்றதும்: உங்கள் கலன் அசைவற்று நிற்கிறது, ஆபத்தில் இருக்கிறீர்களா, ஆம், இல்லை. சித்திரை வருவதற்கு முன்பே அடிக்கிற வெயிலில், கவிழ்த்த பரிசலுக்குக் கீழே அவள் போனோடு உட்கார்ந்திருந்த சிவபாண்டி ‘ஆம்’ என்று அமுக்கிவிட்டான். நாங்கள் அலுவலகம் இருக்கிற சிம்மக்கல் போய்ச் சேர்ந்தபோது, மிதவை வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மீட்புக் குழுக்காரர்கள் இரண்டு பேர் டவுன் பஸ்களுக்கு நடுவில் ஓடி வந்தார்கள். எங்களை மீட்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அலுவலகம் ஒரு வெல்ல மண்டிக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. சுவரில் பெரிய நங்கூரம் வரைந்திருந்தார்கள். ஜன்னல் வழியாக வைகை தெரிந்தது. மணலில் மாடுகள் படுத்திருந்தன. இணக்க அலுவலர் அழகுராஜா எங்களை அன்பாகவே வரவேற்றார். பத்துப் பன்னிரண்டு பேர் மேசையை விட்டு எழுந்து வந்து, ஜன்னல் வழியாகக் கீழே ஆட்டோவில் இருந்த பரிசலை எட்டிப் பார்த்தார்கள். ஒரு பையன் போட்டோ எடுத்துக்கொண்டான்.

“சார், கீழ இறங்கி வந்து ஒரு தடவை அளந்து பாருங்க. ஏழடிதான்” என்றாள் ஜெயக்கொடி.

“அப்படியெல்லாம் அளக்க முடியாதும்மா. மிதக்கிற நிலையிலதான் ஆய்வு செய்யணும். ஆட்டோவுல இருக்கிற கலனுக்கு நீளம் கிடையாது. அது வெறும் சரக்கு.”

“அப்ப எங்கிட்டு மிதக்கவிட?”

அவர் ஜன்னலைக் காட்டினார். “ஆத்துல தண்ணி வரட்டும். அழகர் இறங்குறப்ப எப்படியும் திறப்பாங்க. அன்னைக்குக் கொண்டு வாங்க. நான் கரையில நிக்கிறேன்.”

“அன்னைக்கு லட்சக்கணக்குல சனம் நிக்குமே சார். தண்ணியே தெரியாது.”

“கூட்டத்துல கலன் செலுத்த முன் அனுமதி வேணும். படிவம் ஒன்பது” என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, எங்களுக்குப் புத்தி வரட்டும் என்ற நல்லெண்ணத்தில் சொன்னார். “நான் பதினெட்டு வருஷமா இணக்கம் பார்க்கிறேன்மா. இதுவரைக்கும் ஒரு படகைக்கூட நேர்ல பார்த்ததில்லை. நேர்ல பார்த்தா சந்தேகம் வந்துரும். ஆவணத்துல பார்த்தா வராது. உங்க ஆவணம் ரொம்பச் சுத்தமா இருக்கு. அதுல போயி அழுக்குப் பண்ணிக்காதீங்க.”

திரும்பி வந்தோம். அனுமதியின்றி நகருக்குள் நுழைந்ததற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

இதுவரை நடந்ததெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. நானும் சிரித்தேன், ஜெயக்கொடியும் சிரித்தாள். சித்திரை ஒன்றாம் தேதி, வருடப்பிறப்பு அன்று, மாவிலை கட்டிய கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது அவள் வந்தாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. போனை நீட்டினாள்.

கடலில் மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை உண்டு. எல்லாருக்கும் தெரிந்த தடைதான். அதைப் பார்த்து இந்த அலுவலகத்தாரும் தங்கள் பங்குக்கு ஓர் ஆணை போட்டிருந்தார்கள். என்ஜின் பொருத்தப்பட்ட உள்நாட்டுப் பெருங்கலன் எதுவும் நாளை முதல் ஜூன் பதினாலுவரை தண்ணீரில் இறங்கக்கூடாது. மீறினால் கலன் பறிமுதல், குழுவின் மேல் வழக்கு.

“கண்மாயில தண்ணி எம்புட்டு இருக்கு?” என்று கேட்டேன்.

“நடுமடையில இடுப்பளவு. மத்த இடமெல்லாம் முழங்கால். பத்து நாள் தாங்காதுண்ணே. இப்பவே மத்தியான வெயிலுக்குக் கட்லா எல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது. நாளைக்கழிச்சு வலை போடலாம்ண்டு எல்லாரும் வலையைத் தைச்சு வச்சிருக்கோம்.”

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்ததும் குஞ்சு வாங்கி விட்டது, ஆறு மாதம் தவிடும் புண்ணாக்கும் தலையில் சுமந்தது, திருட்டு வலைக்குப் பயந்து முறை வைத்துக் காவல் காத்தது எல்லாம் எனக்குத் தெரியும். அவர்கள் குழுவில் முத்துத்தாய் என்று ஒருத்தி கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து இருபதாம் நாள் தவிட்டுக் கூடையைத் தூக்கியவள். அத்தனையும் பத்து நாளில் வெந்து செத்து மிதக்கப் போகிறது. கடையை அடைத்துவிட்டு, மறுநாள் அவளோடு சிம்மக்கலுக்குப் போனேன். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“தடை யாருக்காகம்மா? மீனுக்காகத்தானே?” என்றார் அழகுராஜா.

“தண்ணி வத்துது சார். பிடிக்கலைண்டா அம்புட்டும் செத்துப்போகும்.”

“சாகலாம். அதுக்குத் தடை இல்லை.”

அவள் என்னைப் பார்த்தாள். தன் காதில் விழுந்தது சரிதானா என்பதுபோல் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

“பிடிச்சாக் குத்தம், செத்தா ஒண்ணுமில்லையா சார்?”

“யாரு ஒண்ணுமில்லைன்னு சொன்னது? செத்தா படிவம் பதினாலு. உயிரிழப்பு அறிக்கை. எந்த இனம், எத்தனை, என்ன எடை, என்ன காரணம்னு மீன் வாரியா நிரப்பணும். ரொம்பப் பொறுப்பான படிவம். நானே வடிவமைச்சது.”

“சார், கட்லாவும் ரோகுவும் கண்மாய்த் தண்ணியில முட்டையே போடாது. குஞ்சே பண்ணையில காசு குடுத்து வாங்கிட்டு வந்து விட்டதுதான். பிறகு எதுக்கு இனப்பெருக்கம்?”

“அது மீனோட சொந்த விஷயம்மா. வாய்ப்பு குடுத்தோமாங்கிறதுதான் துறையோட கேள்வி. குடுத்துட்டோம். அது பயன்படுத்திக்கலைன்னா நாங்க என்ன செய்ய முடியும்? நாளைக்கு மேலிடத்துல கேட்டா, தடைக்காலத்துல எங்க எல்லைக்குள்ள ஒரு மீன்கூடப் பிடிபடலைன்னு நான் நெஞ்சை நிமித்திச் சொல்லணும். நீங்க அதுக்கு ஒத்துழைக்கணும்.”

ஆன்சி தன் மேசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நாங்கள் படி இறங்கும்போது பின்னாலேயே வந்து, ஆணையின் முழுப் பிரதியை என் கையில் திணித்துவிட்டு, “நல்லா வாசிச்சுப் பாருங்க சார்” என்று சொல்லிவிட்டு மேலே ஓடிவிட்டாள்.

வெல்ல மண்டி வாசலில் நின்று வாசித்தேன். எட்டுப் பக்கம். எட்டிலும் கலன், கலன், கலன்தான். கலனைக் கொண்டு மீன் பிடிக்கக்கூடாது, கலனை இறக்கக்கூடாது, கலனில் வலை வைத்திருக்கக்கூடாது.

“பரிசல் இல்லாமப் பிடிச்சா?” என்று கேட்டாள் ஜெயக்கொடி.

இன்னொரு முறை புரட்டினேன். “அதைப் பத்தி ஒண்ணுமே போடலை.”

அவள் மண்டியில் மூட்டை இறக்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். பிறகு, “அப்ப ஊருக்கு விட்ருவோம்ண்ணே” என்றாள்.

எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் ஒரு வழக்கம் உண்டு. அழிகண்மாய் என்பார்கள். தண்ணீர் வற்றுகிற காலத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசிவிட்டால் அதற்குப் பிறகு குத்தகை, சொந்தம், அசலூர் எதுவும் கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் இறங்கலாம், பிடித்தது பிடித்தவனுக்கு. அந்த மீனை யாரும் விற்க மாட்டார்கள், வீட்டில் குழம்பு வைக்க வேண்டும். ஊருக்கு விட்டால் கண்மாய் ஒரே காலையில் காலியாகிவிடும். ஆனால் பதினோரு பேர் ஆறு மாதம் வளர்த்த மீன் சந்தைக்குப் போகாது.

அன்று சாயங்காலம் கண்மாய்க் கரையில் குழு கூடியது. நானும் இருந்தேன். முத்துத்தாய் எழுந்து நின்று கத்தினாள்.

“தவிடு சுமந்தது நம்ம, திங்கிறது ஊரான் வீடா? வயித்துல தையலோட சொமந்தேன்டி நான்!”

“தெரியும்க்கா” என்றாள் ஜெயக்கொடி. “எனக்கு மட்டும் எரியலையா? பரிசல இறக்குனா பிடிச்சுட்டுப் போயிருவாக, கேசு போட்ருவாக. இறக்கலைண்டா பத்து நாள்ல நாறிப்போகும். நாறுன மீனை நம்மளும் திங்க முடியாது, ஊரானும் திங்க முடியாது. நம்மளே உக்காந்து எண்ணி எண்ணிப் படிவம் பதினாலு எழுதிக் குடுக்கணும். நம்ம வளர்த்த மீனை நம்ம கையால செத்துப்போச்சுண்டு எழுதச் சொல்றான்க்கா. என்னால முடியாது.” கண்மாயைக் கை காட்டினாள். “நாலு ஊரு சனம் வயிறாரத் தின்னுட்டுப் போகட்டும். அந்த ஆபீசுக்கு ஒரு செத்த மீன்கூடக் கணக்குல போகக்கூடாது.”

முத்துத்தாய் உட்கார்ந்துவிட்டாள். மூக்கைச் சிந்திவிட்டு, “எப்பத் துண்டு வீசச் சொல்லப்போற?” என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஓடைக்கரைப்பட்டிக்குப் போகிற பாதையில் வண்டி நிறுத்த இடமில்லை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பைக்கிலும் மினி வேனிலும் வந்திருந்தார்கள். மூவாயிரம் பேருக்குக் குறையாது. எல்லார் கையிலும் ஊத்தா. மேலே குறுகி கீழே அகன்ற, அடியில்லாத கூடை அது. சேற்றில் அழுத்தி, மேல் ஓட்டை வழியாகக் கையைவிட்டு மீனைப் பிடிப்பார்கள். ஊர்க்காரர்கள் வெள்ளைத் துண்டை ஜெயக்கொடி கையில் கொடுத்தார்கள். பொம்பளை வீசுகிற வழக்கம் கிடையாதாம். “வளர்த்தவ அவதானே, அவளே வீசட்டும்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

அவள் வீசினாள். மூவாயிரம் பேரும் ஒரே சத்தமாக இறங்கினார்கள். கிலோக் கணக்கில் கட்லா துள்ளியது. விரால் ஒருவன் கையிலிருந்து வழுக்கி இன்னொருவன் சட்டைக்குள் போனது. மீன் பெயரே தெரியாத நான் கரையில் நின்று, “அங்க பாரு, அங்க பாரு” என்று கத்திக்கொண்டிருந்தேன். பரிசல் கரை மேல் கவிழ்ந்து கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

பத்து மணிக்குள் வீடியோ எல்லார் ஸ்டேட்டஸிலும் போய்விட்டது. பதினொன்றரைக்கு ஜீப் வந்தது. அழகுராஜா இறங்கினார். அவரோடு டிரைவர், டிரைவர் கையில் ஒரு மெகாபோன். கண்மாயை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு மெகாபோனை எடுத்தார்.

“பொதுமக்கள் கவனத்திற்கு! நீங்கள் அனைவரும் கலன் இல்லாமல் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்! கலன் இல்லாமல் மீன் பிடிப்பது எந்த விதியிலும் அனுமதிக்கப்படவில்லை! உடனே கரையேறி, அவரவர் பிடித்த மீனின் எடையையும் ஊத்தாவின் நீளத்தையும் எழுதிக் கொடுக்கவும்!”

தண்ணீருக்குள்ளிருந்து யாரோ, “ஐயாவுக்கு ரெண்டு கெண்டை குடுத்து அனுப்புங்கப்பா” என்றார்கள். அவ்வளவுதான். யாரும் கரையேறவில்லை.

அவர் ஜெயக்கொடியிடம் வந்தார். “இதுக்கு யார் பொறுப்பு?”

“நாந்தான் சார்.”

“தடைக்காலத்துல இவ்வளவு மீன் பிடிபட்டிருக்கு. நான் மேலிடத்துக்கு என்ன சொல்வேன்?”

“பரிசல் இறங்கலைண்டு சொல்லுங்க சார். அந்தா கவுந்து கிடக்கு. உங்க பெட்டியும் அதுலதான் இருக்கு.”

“இப்படியெல்லாம் பேசினா உங்க பதிவை ரத்து பண்ண வேண்டியிருக்கும்.” அவர் அதைப் பெரிய அடியாகத்தான் நினைத்துச் சொன்னார்.

ஜெயக்கொடி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “பண்ணுங்க சார்.”

“யோசிச்சுச் சொல்லுங்கம்மா.”

“ராமமூர்த்தி அண்ணே, ஒரு தாள் குடுங்க.”

என் பையில் எப்போதும் தாள் இருக்கும். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, எண் இல்லாத, கட்டம் இல்லாத, நட்சத்திரக் குறி போடாத ஒரு வெள்ளைத் தாளில் என் கையால் எழுதினேன். ‘எங்கள் பரிசலை உங்கள் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடவும். இனி எந்த அறிக்கையும் அனுப்ப மாட்டோம்.’ ஜெயக்கொடி முதலில் போட, மற்ற பத்துப் பேரும் கண்மாய்க்குள்ளிருந்து ஏறிவந்து ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டார்கள். முத்துத்தாய் ரேகை வைத்தாள். மையே தேவைப்படவில்லை, சேறே போதுமானதாக இருந்தது.

ஜெயக்கொடி நீட்டினாள். அழகுராஜா வாங்கவில்லை. மெகாபோனை அணைத்து ஜீப்பின் மேல் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். நான் கிட்டத்தில் நின்றதால் கேட்டது.

“அம்மா, கோபத்துல அப்படியெல்லாம் செய்யாதீங்க. எங்க பதிவேட்டுல இருக்கிறதே உங்க ஒரு கலன்தான். வேற யாரும் பதியலை. எல்லாரும் மாட்டுத் தொட்டின்னுட்டாங்க. உங்க ஒண்ணை வச்சுத்தான் ஆபீஸ் நடக்குது. ஜீப்பு, மலர், மீட்புக் குழு எல்லாம் அதுலதான். ஏழடின்னு திருத்தினாலே பெருங்கலன் இல்லாமப் போயிரும், ஆபீஸை மூடிருவாங்கன்னுதான் நான் அளக்கவே இல்லை. பதினாலு பேரும்மா. பதினாலு குடும்பம்.”

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கனகலட்சுமி வாசிப்பாள். ஒரு பரிசலை மேய்க்கப் பதினாலு பேர். அந்தப் பதினாலு பேர் சாப்பிடவேண்டும் என்பதற்காகப் பதினோரு பெண்களின் உழைப்பு வெயிலில் வேகலாம் என்று நினைத்திருக்கிறார்கள். இது அத்தனைக்கும் நான்தான் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஜெயக்கொடி கத்தவில்லை. தாளை நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். பக்கத்தில் யாரோ இளைப்பாறக் கீழே வைத்திருந்த ஊத்தாவைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

“தண்ணி இன்னும் முழங்காலுக்குக் கிடக்கு சார். உள்ள மீனும் கிடக்கு. இங்கன யாருக்கும் தடை இல்லை. பதினாலு குடும்பத்துக்கும் நீங்களே இறங்கிப் பிடிச்சுக் குடுங்க.”

அழகுராஜா ஊத்தாவைப் பிடித்தபடி உதவிக்கு ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். ஜீப்பில் யாரும் இல்லை. டிரைவர் பேன்ட்டைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு நடுக்கண்மாயில் நின்றார். யாரிடமோ இரவல் வாங்கிய ஊத்தாவுக்குள் தோள்வரை கையைவிட்டுத் துழாவியபடி, “சார், பெருசு ஒண்ணு கிடக்கு, சீக்கிரம் ஷூவக் கழட்டுங்க” என்று கத்திக்கொண்டிருந்தார்.